கொன்ராட் மௌரர்: ஜெர்மனிக்கும் ஐஸ்லாந்துக்கும் நடுவே ஒரு சட்ட வரலாற்றாளர்

1856-இல் ஆக்ஸ்பூர்க் நகரத்தின் ‘ஆல்கெமைன சைட்டுங்’ நாளிதழில் ஐஸ்லாந்தின் அரசுரிமை பற்றி ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் மியூனிக் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் கொன்ராட் மௌரர், வயது 33. அதுவரை அவர் ஐஸ்லாந்து மண்ணை மிதித்ததில்லை. அந்தத் தீவில் அன்று எழுபதாயிரம் பேர்கூட இல்லை. டென்மார்க் மன்னரின் ஆட்சியில் அது வெறும் மாகாணமா, தனி உரிமை கொண்ட நாடா என்ற வழக்கு கோபன்ஹேகனில் நடந்துகொண்டிருந்தது. மௌரர் பழைய ஒப்பந்தங்களையும் அரசாணைகளையும் எடுத்துவைத்து, ஐஸ்லாந்தியர் பக்கமே சட்ட நியாயம் இருக்கிறது என்று எழுதினார். விடுதலைத் தலைவர் யோன் சிகுர்த்சன் நடத்திய ‘நீ ஃபியெலாக்ஸ்ரித்’ ஆண்டிதழ் அதை ஐஸ்லாந்திய மொழியில் வெளியிட்டது.

ஜெர்மனிக்கும் ஸ்காண்டிநேவியாவுக்கும் இடையே பாலமாக இருந்தவர்கள் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் பலரைச் சொல்லலாம். அவர்களில் மௌரரைத் தேர்ந்தெடுத்து ஆராயக் காரணம் ஒன்று உண்டு. மற்றவர்களில் பலர் இரண்டு பண்பாடுகளும் அடியில் ஒன்றுதான் என்று காட்டி இணைக்கப் பார்த்தார்கள். மௌரர் வேறுபாட்டை வேறுபாடாகவே விட்டுவைத்தார். ஐஸ்லாந்தியர், நார்வேஜியர், ஜெர்மானியர் என்று மூன்று தரப்பும் அவரை நம்பியதற்கு இதுவே காரணம் என்பது எங்கள் கணிப்பு. அந்த நம்பிக்கை எப்படி உருவானது, எங்கே பலன் தந்தது, அவருடைய முறை எங்கே அவரையே கைவிட்டது என்பதைக் கீழே பார்க்கலாம்.

தந்தையின் துறை, மகனின் திசை

மௌரர் 1823 ஏப்ரல் 29 அன்று பலாட்டினேட் பகுதியின் ஃபிராங்கென்தாலில் பிறந்தார். தந்தை கேயோர்க் லுட்விக் ஃபான் மௌரர் பெயர்பெற்ற சட்ட வரலாற்றாளர். பவேரிய இளவரசர் ஓட்டோ கிரேக்க மன்னரானபோது அவருக்காக ஆட்சி நடத்திய குழுவில் இருந்து, அந்தப் புதிய நாட்டுக்குச் சட்டத் தொகுப்புகளை எழுதியவர். மகனுக்கோ வழக்கறிஞர் தொழிலில்தான் நாட்டம். ஆனாலும் மியூனிக், லைப்சிக், பெர்லின் என்று படித்து, பெர்லினில் மொழியியலாளரும் நாட்டுப்புறக் கதைத் தொகுப்பாளருமான யாக்கோப் கிரிம்மின் மாணவராகி, 1847-இல் மியூனிக்கிலேயே ஆசிரியப் பணிக்கு வந்துவிட்டார். 1855-இல் முழுப் பேராசிரியரானார்.

அன்றைய ஜெர்மன் சட்ட வரலாற்றில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. கண்டத்து ஜெர்மானியக் குலங்களின் மிகப் பழைய சட்டங்கள், ஏறத்தாழ கி.பி. 500-ஐச் சேர்ந்த சாலிக் சட்டம் உட்பட, லத்தீனில் எழுதப்பட்டவை, சுருக்கமானவை. குலமக்கள் தங்கள் பேச்சில் எப்படி வழக்காடினார்கள், எந்தச் சொல்லைச் சொல்லிச் சாட்சி அழைத்தார்கள் என்பதெல்லாம் அவற்றில் அரிது. ஐஸ்லாந்திலும் நார்வேயிலும் நிலை தலைகீழ். சட்டம் முழுவதும் தாய்மொழியில், விரிவாக, வழக்காடும் வாய்பாடுகளோடு இருக்கிறது. ஆனால் காலம் பிந்தியது. ஐஸ்லாந்தில் சட்டத்தை ஏட்டில் எழுதத் தொடங்கியதே 1117-18 குளிர்காலத்தில்தான். நம் கைக்குக் கிடைத்திருக்கும் இரண்டு பெரிய தோல் ஏடுகளும் பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பாதியைச் சேர்ந்தவை. சாலிக் சட்டத்துக்கும் இவற்றுக்கும் இடையே எழுநூறு ஆண்டு இடைவெளி.

இந்த இடைவெளியைப் பலரும் ஒரே தாவலில் தாண்டினார்கள். கிரிம் தம் இலக்கண நூலுக்கும் புராண நூலுக்கும் ‘ஜெர்மன்’ என்றே பெயரிட்டு, வடநாட்டு (ஸ்காண்டிநேவிய) மொழிகளையும் தெய்வங்களையும் அந்தத் தலைப்புக்குள் கொண்டுவந்தார். டேனிஷ் மொழியியலாளர் ராஸ்மூஸ் ராஸ்க் போன்றவர்களுக்கு இது சற்றும் பிடிக்கவில்லை. மௌரர் கிரிம்மை வாழ்நாள் முழுதும் மதித்தவர். ஆனாலும் ஐஸ்லாந்தை ஜெர்மனியின் தொலைந்துபோன இளமைக்காலமாகப் படிப்பதை அவர் ஏற்கவில்லை. வடநாட்டுச் சட்டத்தை முதலில் அதன் சொந்த இடத்திலும் காலத்திலும் வைத்துப் புரிந்துகொள்ள வேண்டும், ஒப்பீடெல்லாம் அதற்குப் பிறகு என்பது அவர் பிடிவாதம்.

36, 39, 48, 144

1852-இல் வந்த அவருடைய முதல் பெரிய நூல் ஐஸ்லாந்து அரசு எப்படித் தோன்றியது என்பதைப் பற்றியது. மௌரர் எப்படி வேலை செய்தார் என்று பார்க்க நல்ல இடம் இது.

ஏறத்தாழ 930-இல் ஆல்திங்கி என்ற பொதுமன்றம் தொடங்கியது. மன்னர் கிடையாது, படை கிடையாது, வரி வாங்கும் அதிகாரி கிடையாது. இருந்தவர்கள் ‘கோதி’ எனப்பட்ட தலைவர்கள். ஒரு கோதியின் அதிகாரத்துக்குக் ‘கோதோர்த்’ என்று பெயர். அதற்கு நில எல்லை இல்லை. ஒரு பண்ணைக்காரர் தமக்குப் பிடித்த கோதியைத் தேர்ந்துகொள்ளலாம், பிடிக்காவிட்டால் விலகி இன்னொருவரிடம் போகலாம். கோதோர்த்தை விற்கலாம், பங்கு போடலாம், வாரிசுக்கு விடலாம். இப்படிக் கைமாறும் ஒன்றுக்குத் தசமபாக வரி உண்டா என்ற கேள்விக்குப் பழைய சட்டம் நேராகப் பதில் சொல்கிறது: அது அதிகாரம், சொத்து அல்ல, ஆகவே வரி இல்லை.

கணக்குக்கு வருவோம். ஏறத்தாழ 965-இல் நாடு நான்கு கால்பகுதிகளாகப் பிரிந்தது. கால்பகுதிக்கு மூன்று வட்டார மன்றங்கள், ஒவ்வொரு மன்றத்துக்கும் மூன்று கோதிகள் என்றால் மொத்தம் 36. வடக்குப் பகுதியினர் மூன்று மன்றத்துக்கு உடன்படவில்லை. அவர்களுக்கு மட்டும் நான்கு கொடுக்க, மன்றங்கள் 13 ஆயின, கோதிகள் 39 ஆனார்கள். இப்போது வடக்குக்கு 12 குரல், மற்ற மூன்றுக்கும் தலா 9 குரல். இதைச் சரிக்கட்ட, சட்டம் இயற்றும் அவையான லோக்ரியெத்தாவில் மற்ற மூன்று பகுதிகளுக்கும் தலா மூன்று பேரைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். 39-உம் 9-உம் சேர்ந்து 48. ஒவ்வொருவரும் இரண்டு ஆலோசகர்களோடு உட்காருவார். ஆக 144 பேர். மேலே சட்டம் உரைப்பவர் ஒருவர். மூன்றாண்டுப் பதவிக்காலத்தில் ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு சட்டத்தை மன்றத்தில் ஓதி முடிப்பது அவர் கடமை. ஆயர்கள் வந்த பிறகு அவர்களுக்கும் இடம் கிடைத்தது.

48 என்ற எண்ணைப் பழங்கால ஜெர்மானிய மரபு என்று விளக்கப் பார்ப்பவர் தவறிவிடுவார். ஒரு வட்டாரத்தின் பிடிவாதமும் அதற்கு மற்றவர்கள் கண்ட சமாதானமும் சேர்ந்து அந்த எண்ணை உண்டாக்கின. எண்களின் பின்னால் இருந்த அரசியல் பேரத்தைத் தேடிப்போகும் இந்தப் பழக்கம் மௌரரின் எல்லா நூல்களிலும் தொடர்கிறது.

‘கிராகாஸ்’ என்று அழைக்கப்பட்ட பழைய சட்டத் தொகுப்பிலும் அவர் இதையே செய்தார். அதை அரசு வெளியிட்ட ஒற்றைச் சட்டநூலாக நெடுங்காலம் நம்பிவந்தார்கள். 1864-இல் கலைக்களஞ்சியம் ஒன்றுக்காக எழுதிய நெடுங்கட்டுரையில் மௌரர் அந்த நம்பிக்கையைக் கலைத்தார். இரண்டு முக்கியத் தோல் ஏடுகளும் வரிசையில் வேறுபடுகின்றன, ஒன்றில் இருக்கும் பகுதி மற்றதில் இல்லை, ஒரே விதி இரண்டு வடிவில் வருகிறது. இவை சட்டம் தெரிந்தவர்கள் தங்கள் தேவைக்குத் தொகுத்த தனியார் ஏடுகள் என்றார். ‘கிராகாஸ்’ என்ற பெயரே நார்வேயின் வேறொரு சட்டத்துக்கு உரியது, பிற்காலத்தில் தவறாக இங்கே ஒட்டிக்கொண்டது என்பதையும் எடுத்துக்காட்டினார்.

டென்மார்க்கோடு வழக்கு

1262-64 காலத்தில் ஐஸ்லாந்தியர் நார்வே மன்னருக்கு வரி செலுத்த ஒப்புக்கொண்டார்கள். பதிலுக்கு அமைதியும், ஐஸ்லாந்துச் சட்டமும், ஆண்டுக்கு இத்தனை கப்பல் என்ற உறுதியும் கேட்டார்கள். பின்னர் நார்வேயோடு சேர்ந்து டென்மார்க் முடியாட்சிக்குள் வந்தார்கள். 1662-இல் மன்னரின் முழு அதிகாரத்தை ஏற்றுக் கையொப்பமிட்டார்கள். 1800-இல் ஆல்திங்கி கலைக்கப்பட்டது; 1845-இல் ஆலோசனை மன்றமாக ரெய்க்யவிக்கில் மீண்டும் கூடியது. (அதே 1845-இல்தான் அதே டேனிஷ் அரசு தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றது. 1706-இல் டேனிஷ் மன்னர் அனுப்பித் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கும் ஜெர்மானியரே. கோபன்ஹேகனின் நிழலில் ஜெர்மன் அறிஞர்கள் தொலைதூரத்து மொழிகளைக் கற்றது தமிழருக்குப் புதிய செய்தியல்ல.)

1848-இல் மன்னர் முழு அதிகாரத்தைத் துறந்தார். துறந்த அதிகாரம் யாரிடம் போய்ச் சேரும் என்பதில் சண்டை மூண்டது. டென்மார்க் நாடாளுமன்றத்துக்கு என்றது ஒரு தரப்பு. 1855-இல் டேனிஷ் சட்ட அறிஞர் லார்சன் இதற்காக ஒரு நூலே எழுதினார். ஐஸ்லாந்தியர் டேனிஷ் மக்களோடு எப்போதும் உடன்படிக்கை செய்ததில்லை, மன்னரோடு மட்டும்தான் செய்தார்கள், ஆகவே மன்னர் துறந்தது ஐஸ்லாந்துக்கே திரும்பும் என்றார் யோன் சிகுர்த்சன். 1851-இல் ரெய்க்யவிக்கில் கூடிய தேசிய மாநாட்டை ஆளுநர் திராம்பே திடீரென்று கலைத்தபோது, உறுப்பினர்கள் எழுந்து ‘நாங்கள் அனைவரும் எதிர்க்கிறோம்’ என்று முழங்கியது இந்த வழக்கில்தான்.

மௌரரின் கட்டுரை இதற்குள் வந்து விழுந்தது. அதன் எடைக்குக் காரணம், எழுதியவர் இரு தரப்பிலும் சேராத ஒரு சட்ட வரலாற்றாளர் என்பது. மூல ஆவணங்களை மூல மொழியில் படித்தவர் என்பது அடுத்தது. ஆனால் ஆபத்தும் அங்கேயே இருந்தது. ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் பகுதிகளுக்காக ஜெர்மானியரும் டேனியரும் 1848 முதல் போரிட்டிருந்தார்கள்; 1864-இல் மறுபடியும் போரிடவிருந்தார்கள். இந்தச் சூழலில் ஒரு ஜெர்மானியர் டென்மார்க்குக்கு எதிராக ஐஸ்லாந்தை ஆதரித்தால், கோபன்ஹேகனில் அது எதிரியின் கைவேலையாகவே தெரியும். ஐஸ்லாந்தியருக்கும் சங்கடம்: ஜெர்மன் ஆதரவு என்ற முத்திரை விழுந்தால் வழக்கே கெட்டுப்போகலாம்.

மௌரர் தப்பித்த வழி கவனிக்கத்தக்கது. ஜெர்மானிய ரத்த உறவு, பொது மூதாதையர் என்ற பேச்சை அவர் வாதத்தின் அடித்தளமாக வைக்கவில்லை. ஒப்பந்தம், ஆணை, தேதி என்றே கொண்டுபோனார். டேனிஷ் சட்ட அறிஞர் ஒருவர் அதே ஆவணங்களை எடுத்துச் சரிபார்க்கக்கூடிய வாதம் அது. 1871-இல் டென்மார்க் ஒருதலையாக ஒரு சட்டம் இயற்றி, ஐஸ்லாந்தைத் தன் பிரிக்க முடியாத பகுதி என்று அறிவித்தது. ஆண்டுக்கு 30,000 ரிக்ஸ்டாலர் நிலையான தொகையும், பத்தாண்டுகளுக்கு 20,000 கூடுதல் தொகையும், அதன்பின் அந்தக் கூடுதல் தொகை ஆண்டுதோறும் குறைந்துபோவதும் அதில் இருந்த ஏற்பாடு. 1874-இல் ஐஸ்லாந்துக்கு அரசியலமைப்பு கிடைத்தது. மௌரர் இந்த நெடுங்காலத்தில் தொடர்ந்து எழுதினார்; அந்தக் கட்டுரைகள் 1880-இல் ஒரே தொகுதியாக வந்தன.

1858: குதிரையில் ஒரு கோடைக்காலம்

பயணத்துக்குமுன் கோபன்ஹேகனில் தங்கி, அங்கிருந்த ஐஸ்லாந்தியரோடு பழகிப் பேச்சுமொழியைப் பழக்கிக்கொண்டார். ஏட்டு மொழி அறிந்த ஜெர்மன் அறிஞர்கள் அன்று பலர் உண்டு. பண்ணை வீட்டில் உட்கார்ந்து பேசக்கூடியவர்கள் மிகச் சிலரே. 1858 வசந்தத்தில் நிலவியலாளர் கேயோர்க் விங்க்லரோடு ஐஸ்லாந்து வந்து சேர்ந்தார். அன்றைய ரெய்க்யவிக்கில் வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 1,400 பேர். உள்நாட்டில் வண்டிப்பாதை கிடையாது. ஆற்றைக் கடப்பதும் எரிமலைப் பாறைமேல் ஏறுவதும் குதிரையில்தான். தங்குவது பாதிரியார் வீடுகளிலும் பண்ணைகளிலும்.

இந்தப் பயணத்தின் பெரிய விளைவு சட்டத்தில் இல்லை, நாட்டுப்புறக் கதையில் இருக்கிறது. யோன் ஆர்னசன், மாக்னுஸ் கிரிம்சன் என்ற இரு நண்பர்கள், கிரிம் சகோதரர்களின் நூலைப் பார்த்து 1845-இல் கதை சேகரிக்கத் தொடங்கியிருந்தார்கள். 1852-இல் ஒரு சிறு தொகுப்பு போட்டார்கள். படித்தவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. பேயும் பூதமும் கிழவிகள் பேச்சு என்ற எண்ணம் அவர்களுக்கு. இருவரும் ஏறக்குறையக் கைவிட்ட நேரத்தில் மௌரர் வந்தார். வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் குதிரையேறி வந்து இதே கதைகளைக் கேட்டு எழுதிக்கொண்டதே உள்ளூரில் அவற்றின் மதிப்பைக் கூட்டியது. தொகுப்பை முடித்தால் ஜெர்மனியில் பதிப்பாளரைத் தேடித்தருகிறேன் என்று மௌரர் உறுதியளித்தார்.

அதே 1858-இல் யோன் ஆர்னசன் நாடெங்கும் தெரிந்தவர்களுக்கு வேண்டுகோள் அனுப்பினார். எந்தெந்த வகைக் கதைகள் வேண்டும், சொன்னவர் சொன்னபடியே எழுத வேண்டும் என்ற குறிப்புகளோடு. 1860-இல் மாக்னுஸ் இறந்துபோக, வேலை முழுவதும் யோன் தலையில் விழுந்தது. அதே ஆண்டு மௌரர் தாம் திரட்டியதை ‘இன்றைய ஐஸ்லாந்துக் கதைகள்’ என்ற பொருள்பட ஜெர்மனில் வெளியிட்டார். அதில் அவர் வகுத்த பிரிவுமுறையை யோன் பெரும்பாலும் எடுத்துக்கொண்டார்: மறைவுலக மக்களும் பூதங்களும், பேய்கள், மந்திரவித்தை, இயற்கை, சமயக் கதைகள், வரலாற்று நிகழ்வுகள், மலைப்பகுதியில் ஒளிந்து வாழ்ந்தவர்கள், மாயக்கதைகள், நகைச்சுவை, நம்பிக்கைகள்.

லைப்சிக்கின் ஹின்ரிக்ஸ் பதிப்பகம் யோன் ஆர்னசனின் பெருந்தொகுப்பை ஐஸ்லாந்திய மொழியிலேயே 1862-இலும் 1864-இலும் இரண்டு தொகுதிகளாக அச்சிட்டது. 1,200 பக்கங்களுக்கு மேல். ஜெர்மன் அச்சகத்தில் ஐஸ்லாந்திய நூல் என்றால் சிக்கல் எங்கே வரும் என்பது அச்சு தெரிந்தவர்களுக்குப் புரியும். அச்சுக் கோப்பவருக்கு மொழி தெரியாது. ஜெர்மனில் இல்லாத எழுத்துகள் இரண்டு அடிக்கடி வரும். உயிரெழுத்தின் மேல் இடும் கோடு விழுந்தால் வேறு சொல்லாகிவிடும். தொகுப்பாசிரியருக்கு மெய்ப்பை அனுப்பித் திருத்தி வாங்குவதும் நடவாத காரியம். ரெய்க்யவிக்குக்கு அஞ்சல் கப்பல் ஆண்டுக்குச் சில தடவைதான், குளிர்காலத்தில் இன்னும் அரிது. ஆகவே கைப்பிரதி ஐஸ்லாந்திலிருந்து வர, மெய்ப்புத் திருத்தத்தை மௌரரும், அவருடைய இளம் ஐஸ்லாந்திய நண்பர் குத்பிராண்டுர் விக்ஃபூசனும் பார்த்துக்கொண்டார்கள். முதல் தொகுதியின் முன்னுரையும் குத்பிராண்டுரே எழுதியது.

இந்தத் தொகுப்பில் எல்லாரும் அறிந்த கதை மிர்க்கா ஊர்த் தேவாலய உதவியாளருடையது. கிறிஸ்துமஸ் விருந்துக்கு அழைத்துப் போவதாகக் காதலியிடம் சொல்லிவிட்டுத் திரும்புகையில் ஹோர்கா ஆற்றில் பனிக்கட்டி உடைந்து அவன் இறந்துபோகிறான். செய்தி அவளுக்குத் தெரியாது. சொன்ன நாளில் குதிரையோடு வருகிறான். நிலா மேகத்திலிருந்து வெளிப்படும்போது அவன் பிடரியில் வெள்ளை எலும்பு தெரிகிறது. ஜெர்மன் வாசகருக்கு உடனே ‘லெனோரே’ பாடல் நினைவுக்கு வரும். இறந்த காதலன் குதிரையில் வந்து பெண்ணை அழைத்துப்போகும் அந்தப் பாடல் 1770-களில் புகழ்பெற்றது. இது அதன் நகல் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் ஐஸ்லாந்துக் கதையில் ஆற்றின் பெயர், இரண்டு பண்ணைகளின் பெயர், நடுவில் இருக்கும் பாதை எல்லாம் உண்டு; கேட்பவர் அந்த இடத்தைப் போய்ப் பார்த்துவிடலாம். கதையை இடத்தோடு கட்டிவைக்கும் இந்த வழக்கத்தை மௌரர் பெரிதாக மதித்தார். தம் நூலிலும் இடப்பெயர்களைக் கவனமாகப் பதித்தார்.

குறையும் உண்டு. கதைகள் பெரும்பாலும் பாதிரியார்கள், மாணவர்கள், படித்த பண்ணைக்காரர்கள் வழியாகவே வந்தன. சொன்ன வேலைக்காரியின் நடை, எழுதியவரின் நடையாக மாறியிருக்கிறது. மாக்னுஸ் கிரிம்சனின் நடையில் மெருகு தெளிவாகத் தெரியும். வாய்மொழி ஆய்வுக்கு இந்தத் தொகுப்பைப் பயன்படுத்துபவர், ஒவ்வொரு கதைக்கும் எழுதி அனுப்பியவர் யார் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

கோழி தோரிரும் ஆரியும்

மௌரரின் எழுத்தில் ஒன்றை மட்டும் படிக்க நேரம் இருப்பவருக்கு 1871-இல் வந்த ஆய்வைச் சொல்வோம். அது ‘கோழி தோரிர் சாகா’ என்ற பழைய ஐஸ்லாந்திய உரைநடைக் கதையைப் பற்றியது.

சாகாவின் கதை இது. தோரிர் ஊர் ஊராகப் பண்டம் விற்று, கோழியும் விற்று, பணக்காரன் ஆனவன். ஒரு கொடிய குளிர்காலத்தில் பிளுண்ட்-கேட்டில் என்ற நல்ல மனிதர், தம் குத்தகைக்காரர்களின் கால்நடைகள் சாகாமல் இருக்க அவனிடம் வைக்கோல் கேட்கிறார். விலை தருகிறேன் என்கிறார். தோரிர் மறுக்கிறான். அவர் விலையை வைத்துவிட்டு வைக்கோலை எடுத்துப்போகிறார். தோரிர் ஆள் சேர்த்துக்கொண்டு வந்து அவரை வீட்டோடு எரிக்கிறான்.

இதே நிகழ்ச்சியை, 1122-க்கும் 1133-க்கும் இடையில் எழுதிய ஆரி என்ற பாதிரியார் தம் சிறிய வரலாற்று நூலில் சில வரிகளில் சொல்கிறார். ஆனால் அவர் நூலில் எரிக்கப்பட்டவர் பிளுண்ட்-கேட்டில் அல்ல, அவருடைய மகன் தோர்கேல். சாகாவில் பழிவாங்கும் ஹெர்ஸ்டைன் பிளுண்ட்-கேட்டிலின் மகன். ஆரியிடம் அவன் தோர்கேலின் மகன், அதாவது பேரன். ஒரு தலைமுறையே சாகாவில் காணாமல் போயிருக்கிறது.

இதை நகலெடுத்தவரின் கைப்பிழை என்று மௌரர் ஒதுக்கவில்லை. ஆரிக்கு இந்த வழக்கில் ஒரு தேவை இருந்தது: நாடு கால்பகுதிகளாகப் பிரிந்ததற்கு இதுவே காரணம். கொலை நடந்த இடத்துக்கு அருகில் உள்ள மன்றத்தில்தான் வழக்குப் போட வேண்டும் என்பது அன்றைய விதி. வழக்குத் தொடுத்த தோர்த் கெல்லிர், எதிரியான துங்கு-ஓட்டின் வட்டாரத்துக்கே போய் நிற்க வேண்டியதாயிற்று. அங்கே சண்டை மூண்டு மன்றமே நடக்கவில்லை. வழக்கு ஆல்திங்கிக்குப் போனது. அங்கும் ரத்தம் சிந்தியது. அதன்பின் தோர்த் பேசினார், சட்டம் மாறியது. இந்தச் சட்டப் பின்னணியையும் உறவுமுறையையும் ஆரி சரியாக வைத்திருக்கிறார். சாகாவின் ஆசிரியருக்கு வேண்டியது வைக்கோல், கஞ்சத்தனம், பழி. அதற்கேற்ப அவர் ஆட்களை அமைத்துக்கொண்டார். ஆகவே சாகா என்பது மாறாமல் வாய்வழி வந்த அறிக்கை அல்ல, ஓர் ஆசிரியர் தொகுத்துக் கட்டிய நூல் என்பது மௌரர் காட்டிய முடிவு.

வாய்மொழி உரைநடையா, ஏட்டு உரைநடையா என்ற பெயரோடு இந்த விவாதம் இருபதாம் நூற்றாண்டில் பெரிதாகக் கிளம்பியது. அந்தப் பெயர்களை ஆண்ட்ரியாஸ் ஹொய்ஸ்லர் 1914-இல் கொடுத்தார். வாதத்தின் உள்ளடக்கத்தில் பெரும்பகுதி நாற்பது ஆண்டுக்கு முன்பே மியூனிக்கில் எழுதப்பட்டுவிட்டது.

நார்வேயோடு ஒரு தகராறு

ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழியில் எழுந்த இலக்கியம் யாருடையது? நார்வேயின் ருடோல்ஃப் கெய்சரும் பி. ஆ. மூங்க்கும் அதை நார்வேயின் சொத்து என்றார்கள். ஐஸ்லாந்தியர் அதைக் காத்து எழுதிவைத்தவர்கள் மட்டுமே என்பது அவர்கள் எண்ணம். 1814-இல்தான் டென்மார்க்கிலிருந்து பிரிந்த நாட்டுக்கு இப்படி ஓர் இலக்கியம் தேவைப்பட்டது என்பதில் வியப்பில்லை. மௌரர் 1867-இலும் 1869-இலும் எழுதிய ஆய்வுகளில் இதை மறுத்தார். எழுதியவர்களின் பெயர், பிறந்த இடம், ஏடுகள் எழுதப்பட்ட இடம் ஆகியவற்றை வைத்துப் பார்த்தால் சாகா இலக்கியம் ஐஸ்லாந்தில் பிறந்தது என்றார். ஜெர்மானியருக்கும் டேனியருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் ‘பழைய வடநாட்டு’ என்று மங்கலாக்குவதும் அவருக்குச் சம்மதமில்லை.

இத்தனைக்குப் பிறகும் நார்வேஜியர் அவரை விலக்கவில்லை. 1876-இல் கிறிஸ்டியானியாவுக்கு, இன்றைய ஓஸ்லோவுக்கு, அழைத்து விரிவுரை ஆற்றச் செய்தார்கள். நார்வேயின் எப்பே ஹெர்ட்ஸ்பெர்க் மியூனிக் வந்து அவரிடம் பயின்றார். ஜெர்மானிய மாணவர்களில் கார்ல் ஃபான் அமிரா வடநாட்டுக் கடன் சட்டத்தைப் பற்றிப் பெருநூல் எழுதினார்.

அவர் முறை அவரையே கைவிட்ட இடம்

கோதிகளின் அதிகாரம் கோயிலிலிருந்து வந்தது என்பது 1852 நூலின் மையக் கருத்து. குடியேறியவர்களில் வசதியானவர் கோயில் கட்டினார், அக்கம்பக்கத்தார் கோயில் வரி கொடுத்து அங்கே பலியிட்டார்கள், அந்தப் பூசாரி அரசியல் தலைவரானார் என்பது அவர் விளக்கம். இதற்கு ஆதாரமாக இருந்தவை முக்கியமாக இரண்டு பகுதிகள். கோயிலில் இரண்டு அவுன்சுக்குக் குறையாத வளையம் இருக்க வேண்டும், அதன்மேல் சத்தியம் செய்ய வேண்டும் என்று சொல்லும் பழைய சட்டத் துண்டு ஒன்று. எய்ர்பிக்யா சாகாவில் தோரோல்ஃப் கட்டிய கோயிலின் வருணனை இன்னொன்று. அங்கே வளையம் இருபது அவுன்ஸ்.

இரண்டுமே பதின்மூன்றாம் நூற்றாண்டிலோ அதற்குப் பின்னோ எழுதப்பட்ட ஏடுகளில் இருப்பவை. கிறிஸ்தவம் வந்து இருநூறு ஆண்டுக்கு மேலான பிறகு, பழங்காலம் எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்தவர்கள் எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். கோழி தோரிர் சாகாவுக்கு மௌரர் வைத்த சோதனையை இவற்றுக்கும் வைத்திருந்தால் இவ்வளவு எடையைத் தாங்க விட்டிருக்க மாட்டார். 1908-இல் வடஐஸ்லாந்தின் ஹோஃப்ஸ்டாதிரில் தோண்டியபோது நீண்ட கூடம் ஒன்று கிடைத்தது. கோயில் கிடைத்துவிட்டது என்றார்கள். டேனிஷ் அறிஞர் ஓலாஃப் ஓல்சன் 1966-இல் சான்றுகளையெல்லாம் மறுபடி எடைபோட்டு, தனிக் கோயில் கட்டடம் என்ற எண்ணத்தையே கேள்விக்கு உள்ளாக்கினார். சடங்கு விருந்து நடந்த பெரிய பண்ணை வீடு என்ற விளக்கமே அதன்பின் வலுப்பெற்றது. கோதி அதிகாரத்தின் தொடக்கம் பற்றி மௌரர் எழுதியதை இன்று இந்த எச்சரிக்கையோடுதான் படிக்க முடியும். அதிகாரம் எப்படி இயங்கியது, எப்படிக் கைமாறியது என்று அவர் எழுதியது பெருமளவு நிற்கிறது.

இன்னொரு குறை நடைமுறை சார்ந்தது. வடநாட்டுச் சட்ட வரலாறு முழுவதையும் பற்றிய அவருடைய பெரிய விரிவுரைகள் அவர் உயிரோடு இருந்தவரை அச்சேறவில்லை. மியூனிக்கில் உட்கார்ந்து கேட்டவர்களுக்கு மட்டுமே கிடைத்தன. அதற்குள் அவர் கருத்துகள் மற்றவர் நூல்கள் வழியாகச் சுற்றின. எது யாருடையது என்பது குழம்பியது.

விட்டுப்போனவை

1893-இல் எழுபதாம் பிறந்தநாளுக்கு வந்த மலரில் ஜெர்மானியரோடு வடநாட்டு அறிஞர்களும் எழுதினார்கள். 1902 செப்டம்பர் 16 அன்று மியூனிக்கில் மௌரர் காலமானார்.

விரிவுரைக் கையெழுத்துப் படிகளை அச்சேற்றியது ஜெர்மன் நிறுவனம் அல்ல. கிறிஸ்டியானியாவின் அறிவியல் கழகம் 1907 முதல் 1910 வரை ஐந்து தொகுதிகளாக, ஜெர்மன் மொழியிலேயே லைப்சிக்கில் வெளியிட்டது. அவருடைய நூலகம், ஏறத்தாழ பத்தாயிரம் தொகுதிகள், 1904-இல் அமெரிக்காவின் ஹார்வர்டுக்குப் போனது. வரலாற்றாளர் ஆர்ச்சிபால்ட் கேரி கூலிட்ஜ் வாங்கிக் கொடுத்தார்.

1858 பயண நாட்குறிப்பு நெடுங்காலம் கண்ணில் படவில்லை. மியூனிக்கின் ஐஸ்லாந்தியல் பேராசிரியர் குர்ட் ஷியர் அதை மௌரரின் வழித்தோன்றல்களிடம் கண்டுபிடித்தார். முதலில் வெளிவந்தது ஐஸ்லாந்திய மொழிபெயர்ப்புதான், 1997-இல். கதை சொன்னவர்களும் தங்கிய வீடுகளும் அதில் வருவதால், 1860-இன் கதைத் தொகுப்பையும் 1862-64 தொகுதிகளையும் அதனோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட முடிகிறது. எந்தக் கதை எந்தப் பண்ணையில் கேட்டது, அச்சுக்கு வருமுன் எவ்வளவு மாறியது என்ற வேலைக்கு இன்று அதுவே முதல் சான்று.